கீழ் ஆள்

ஆரஞ்சுத் தோப்பில் ஒற்றை ஆளாகப் போய் நின்றால் மேஸ்திரி ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். ஜோடியாக வர வேண்டும். ஒருவர் ஏணியில் ஏறி உச்சிக் கிளைகளைப் பார்ப்பார். அவர் மேல் ஆள். இன்னொருவர் தரையில் நின்று தாழ்ந்த கிளைகளைப் பறிப்பார், நிரம்பிய பையை வாங்கிப் பெட்டியில் கொட்டுவார், ஏணி ஆடினால் பிடிப்பார், வரிசைக் கடைசியில் நிற்கும் டிராக்டர்வரை நடந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துவந்து மேலே நீட்டுவார். அவர் கீழ் ஆள். கூலி இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான். அதனால் பெரும்பாலும் புருஷனும் பெண்டாட்டியுமே ஜோடி. வீட்டில் முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூடத் தோப்பில் பேசித்தான் ஆக வேண்டும்.

ஏணிக்காரருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. மூன்று கால் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நடந்தால் குடையை எடுத்துப் போகிற மாதிரி இருக்கும். காற்றடிக்கிற நாளிலும் உச்சிப்படியில் இரண்டு கையையும் விட்டுவிட்டு நின்று பறிப்பார். பேச்சில் மட்டும் மகா கஞ்சன். அவருக்கும் சேர்த்து அவர் பெண்டாட்டி பேசிவிடுவாள் என்பதால் யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு இரண்டு பேரும் தோப்பு தோப்பாக, பழம் பழுக்கிற திசையில் லாரியில் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் மேலே, அவள் கீழே. வருஷக்கணக்கில் அப்படித்தான்.

போன வருஷம் மருத்துவ வேன் ஒன்று கூலிக்காரர்களின் குடியிருப்புகளுக்கு வர ஆரம்பித்தது. டாக்டர் நல்லவர்தான், ஆனால் அவர் டாக்டர் பாஷையில் கேட்பது இவர்களுக்குப் புரியாது, இவர்கள் சொல்வது அவருக்குப் புரியாது. நடுவில் நின்று பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. வரிசையில் நின்றவர்களை அதட்டி ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த ஏணிக்காரர் பெண்டாட்டியைப் பார்த்து, "நீங்களே வந்துடுங்களேன்" என்றார் டாக்டர். இவளும் போய்விட்டாள். மாதச் சம்பளம், நீல நிறத்தில் ஒரு மேலங்கி, கழுத்தில் அடையாள அட்டை. குடியிருப்பே அவளை மருந்துக்காரி என்று கூப்பிட ஆரம்பித்தது. தண்ணீர் குடிக்காதவர்களையும் மாத்திரையை விழுங்காதவர்களையும் அவள் திட்டுகிற திட்டில் பாதிக் காய்ச்சல் தானாகவே இறங்கிவிடும் என்று வேன் ஓட்டுநர் சொல்வார்.

ஏணிக்காரருக்கு மேஸ்திரி புதிதாக ஒரு கீழ் ஆளைச் சேர்த்துவிட்டார். அவனுக்கு எல்லாவற்றிலும் பறப்பு. அவசரக்காரன் என்று பெயர் விழுந்துவிட்டது.

இந்த வருஷம் வேனில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் பயிற்சி என்று சொல்லி, சனிக்கிழமைதோறும் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்து மாடியில் வகுப்பு வைத்தார்கள். பல வேன்களிலிருந்தும் நர்சுகள், உதவியாளர்கள், ஓட்டுநர்கள் வந்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி சத்தம் போட்டதே தவிரக் காற்று வரவில்லை. பாடம் எடுத்த டீச்சரம்மா நாள் முழுக்க நின்றே பேசினார். உட்கார்ந்தால் தூங்கிவிடுவாராம், அவரே சொன்னார்.

"உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டா அவங்க என்ன சொல்வாங்க?" என்று ஒரு சனிக்கிழமை ஆரம்பித்தார்.

"நல்லா இருக்குன்னு சொல்வாங்க" என்றார் வேன் ஓட்டுநர்.

"ஏன் அப்படிச் சொல்றாங்க?"

"அப்பதானே நாம சீக்கிரம் கிளம்புவோம்."

வகுப்பு சிரித்தது. டீச்சரம்மாவும் சிரித்தார். "நாம கேக்கற லட்சணமும் அப்படித்தான் இருக்கு. ஒண்ணும் இல்லையே? தண்ணியெல்லாம் குடிக்கிறீங்கள்ல? பதிலை நாமளே கையில குடுத்துட்டு, தலையை மட்டும் ஆட்டச் சொல்றோம். இனிமே உடம்பைப் பத்திக் கேக்க வேண்டாம். நேத்தைய பொழுதைக் கேளுங்க. எந்திரிச்சதுல இருந்து படுத்த வரைக்கும். எழுதாதீங்க. குறுக்க பேசாதீங்க. அவங்க முடிக்கிற வரைக்கும் புத்தி சொல்லாதீங்க. அவங்க பேச்சை நிறுத்தினா நீங்களும் சும்மா இருங்க. உங்களுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் அனுமதி. 'அப்புறம்?' அவ்வளவுதான்."

மருந்துக்காரி கையைத் தூக்கினாள். "ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டு நான் எப்படிங்க பொழைக்கிறது?"

சிரிப்பு அடங்கியதும் அவளையே முன்னால் கூப்பிட்டு, ஓட்டுநரிடம் கேட்டுப் பழகச் சொன்னார்கள்.

"காலையில எந்திரிச்சு டீ குடிச்சேன்" என்று ஓட்டுநர் ஆரம்பித்தார்.

"வெறும் வயித்துலயா?" என்றாள் மருந்துக்காரி.

அதோடு அவளை உட்கார வைத்துவிட்டார்கள். அடுத்த வகுப்புக்குள் ஒரு தொழிலாளியின் பொழுதைக் கேட்டுவந்து, பேர் ஊர் இல்லாமல் சொல்ல வேண்டும் என்பது வீட்டுப்பாடம்.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பில் ஆள் பிடிக்கப் போனாள். ஒருத்தி துணி துவைக்கணும் என்றாள். ஒருவன் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டான். கேள்வி கேட்டுவிட்டு ஊசி போட்டுவிடுவாள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். சலித்துப்போய்த் திரும்பி வந்தபோது, தகரக் கூரையின் கொதிப்புக்குப் பயந்து ஏணிக்காரர் அறைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியின் ஒடுங்கிய நிழலில் உட்கார்ந்திருந்தார். பழப்பையின் தோள்வாரைத் தடித்த ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார். அவள் எதிரே ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இங்க பாருங்க. நேத்து எந்திரிச்சதுல இருந்து என்னென்ன செஞ்சீங்கன்னு எனக்குச் சொல்லணும். வகுப்புக்கு வேணும்."

"நேத்து என்ன. எப்பவும் போலதான்."

"எப்பவும் போலன்னா எப்படி, அதைச் சொல்லுங்க. நான் நடுவுல பேசமாட்டேன்."

அவர் ஊசியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "நீயா?"

"ஆமா, நான்தான்."

"அதெல்லாம்கூடச் சொல்லித் தராங்களா?" என்று மறுபடி தைக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேச்சு வந்தது. "எந்திரிச்சேன். நீ வகுப்புக்குக் கிளம்பிட்டிருந்த. சோறு கட்டி வச்சிருந்த. லாரி வந்துச்சு, ஏறினேன்."

"அப்புறம்?"

"தோப்புல ஒரே பனி. ஈரத்தோட பறிச்சா பழம் தழும்பாயிடும்ல, காயட்டும்னு உக்கார வச்சுட்டாங்க. எல்லாரும் ஜோடி ஜோடியா உக்காந்து பேசிட்டிருந்தாங்க. அவசரக்காரன் காம்பு வெட்டுற கத்திரியைத் தீட்டிக்கிட்டே இருந்தான். நான் சும்மா இருந்தேன்."

"அப்புறம்?"

"வெயில் வந்ததும் ஏறினேன். அவன் மரத்துக்கு அந்தப் பக்கம் போயிடுவான். அவன் வேகம் அவனுக்கு. தப்புன்னு சொல்ல முடியாது, பெட்டி ரொம்பினாத்தானே கூலி. பையை நானே இறங்கிக் கொட்டிட்டு ஏறுவேன்."

அதை அவனல்லவா வாங்கிக் கொட்ட வேண்டும் என்று அவள் நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அப்புறம்?"

"தண்ணி டிராக்டர்கிட்ட இருக்கு. அவ்வளவு தூரம் போய்ட்டு வந்தா அவன் முணுமுணுப்பான். பாட்டிலை இடுப்புல கட்டிப் பாத்தேன், பை இடிச்சு இடிச்சு விழுந்துடுது. நாக்கு வறண்டா ஒரு பழத்தை உரிச்சுப் போட்டுக்குவேன். மத்தியானம் சோத்துக்கு இறங்குறப்பதான் தண்ணி."

தினமும் சாயங்காலம் வேனிலிருந்து இறங்கியதும் அவள் அவரைக் கேட்பாள், தண்ணி குடிச்சீங்களா என்று. குடிச்சேன் என்பார். அவளும் அடுப்பைப் பற்ற வைக்கப் போய்விடுவாள். ஊரெல்லாம் கேட்டுக் கேட்டு வாய்ப்பாடாகிப்போன கேள்வி, வீட்டிலும் அப்படியே வந்துகொண்டிருந்தது.

"அப்புறம்?"

அவர் பேச்சை நிறுத்திவிட்டார். தோள்வாரை இழுத்து இழுத்துப் பார்த்தார். தொட்டியின் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கொடிக்கயிற்றில் அவருடைய சட்டையும் அவளுடைய நீல மேலங்கியும் பக்கம் பக்கமாகக் காய்ந்தன. இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அவளுக்கு வாழ்நாளில் இதுவே முதல் தடவை.

"மத்தியானத்துக்கு மேல கண்ணு இருட்டும்" என்றார். "தினம் இல்ல. ஏணியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன், சரியாயிடும். போன வாரம் ஒரு நாள்தான் கொஞ்சம்..." மறுபடி நிறுத்தினார். "வேலை மும்முரத்துல மறந்துபோச்சு. பாட்டிலுக்குக் கையைக் கீழ நீட்டிட்டேன். நீ நிக்கிறேன்னு நெனச்சு. பழக்கம். குனிஞ்சு பாத்தா வெறும் தரை. அப்ப பாத்து இருட்டிக்கிட்டு வந்துச்சு. கிளை கையில மாட்டினதால விழல."

"அப்புறம்?" என்றாள்.

"ஒண்ணுக்குப் போனா டிக்காஷன் மாதிரி போகுது. எரிச்சலா இருக்கு. கால் கொஞ்சம் வீங்குது. சாயங்காலம் வந்ததும் ஒரு செம்பு நிறையக் குடிச்சிடறேன். நீ கேக்கறப்ப குடிச்சேன்னு சொல்றது பொய் இல்ல." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அவ்வளவுதான். வகுப்புக்கு இது போதுமா?"

முடித்த பிறகு பேசலாம் என்பது விதி. ஆனால் அவள் எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் ஒரே மூச்சில் குடித்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை. நாளைக்கே வேனுக்கு வாருங்கள், ரத்தம் எடுக்க வேண்டும் என்றாள்.

"வேனுக்கு நான் வரல. மேஸ்திரி பக்கத்துலயே நின்னு யார் யார் ஏறுறாங்கன்னு பாத்துட்டிருப்பார். வேன்ல ஏறினவன் ஏணியில ஏற வேண்டாம்பார்."

"ஏணியில இருந்து விழுந்தா பரவாயில்லையா?"

"விழறப்ப பாத்துக்கலாம்."

அவ்வளவுதான், அடைத்து வைத்திருந்ததெல்லாம் மடை திறந்துகொண்டது. சிறுநீரகம் போனால் என்ன ஆகும் தெரியுமா, எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், படித்துப் படித்துச் சொல்கிறேனே, காது என்ன செவிடா என்று வரிசையில் இருந்த அத்தனை அறைகளுக்கும் கேட்கும்படி கத்தினாள். அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டி, வார் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எழுந்து போய்விட்டார். அந்த வாரம் முழுக்க அவர் வாயிலிருந்து ம் என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஒரே அறையில் அவர் ஒரு பக்கம் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார், அவள் ஒரு பக்கம் கதவைப் பார்த்துச் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை வகுப்பில் அவள் முறை வந்தது. ஒரு தொழிலாளி, ஏணி வேலை என்று ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னாள். வெறும் தரையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். ஓட்டுநருக்கு ஏணிக்காரரைத் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பின்வரிசையிலிருந்து ஒரு நர்ஸ் கேட்டாள். "அந்த ஆளுக்கு வீட்ல யாரும் இல்லையா?"

"இருக்காங்க."

"அவங்க என்ன பண்றாங்க?"

"ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் தண்ணி குடிங்கன்னு சொல்லிட்டு வராங்க."

நர்ஸ் சிரிக்கப் போனவள், மருந்துக்காரியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். டீச்சரம்மா முதல் தடவையாக நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும் சரியா கேட்டிருக்கீங்க. அவர் முடிச்சதுக்கப்புறம் என்ன பண்ணீங்க?"

"கத்தினேன்."

"சரி. அவருக்கு என்ன வேணும்னு கேட்டீங்களா?"

அது அவளுக்குத் தோன்றவே இல்லை. ரத்தப் பரிசோதனை வேண்டும், மருந்து வேண்டும், ஓய்வு வேண்டும். அவருக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரியுமே.

பஸ்ஸில் திரும்பி வரும்போது வழி நெடுக ஆரஞ்சு மரங்கள். பாதித் தோப்புகள் பறித்து முடிந்து வெறும் பச்சையாக நின்றன. இன்னும் கொஞ்ச நாளில் இங்கே பழம் தீர்ந்துவிடும். லாரி வடக்கே கிளம்பிவிடும், அவரும் ஏறிவிடுவார். அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

அவர் தொட்டியடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். கணுக்காலில் விரல் வைத்தால் பள்ளம் விழும் போல் வீங்கியிருந்தது. அவள் பையை இறக்கி வைக்காமலே போய் நின்றாள்.

"உங்களுக்கு என்ன வேணும்?"

"டீ போட்டா குடிப்பேன்."

"அதில்ல. நெசமாவே கேக்கறேன். என்ன வேணும் உங்களுக்கு?"

அவர் குழாயை மூடினார். துண்டை எடுத்துக் காலைத் துடைத்தார். அவள் காத்திருந்தாள்.

"கீழ நீ நிக்கணும்" என்றார்.

இப்போது அவர் காத்திருந்தார். அவளுக்கு அந்த வேனைப் பிடித்திருந்தது. காலையில் வேன் கதவைத் திறக்கும்போது வரிசையில் நிற்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பதைப் பிடித்திருந்தது. முள் கிழிக்காத தன் கையைப் பிடித்திருந்தது. வகுப்பு, பிளாஸ்டிக் நாற்காலி, சத்தம் போடுகிற மின்விசிறி எல்லாமே பிடித்திருந்தது. வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் நாளைக்கே வந்து ரத்தம் கொடுத்துவிடுவார். அதுவும் அவளுக்குத் தெரிந்தது.

"வரமாட்டேங்க" என்றாள். "எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா கேட்டீங்க?"

"நீ கேட்டியேன்னு சொன்னேன்." துண்டைப் பிழிந்து கொடியில் போட்டார். அவளுக்கு அழுகை வந்தது. அவர் பார்க்காதது போலத் துண்டின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "அந்த ரத்தம் எடுக்கறது. டவுன் ஆஸ்பத்திரியில எடுப்பாங்களா? வேன் வேண்டாம்."

டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் பரிசோதனை முடிவை இரண்டு தடவை படித்தார். சிறுநீரகத்துக்கு அடி விழுந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை, இப்படியே இன்னொரு கோடை போனால் போய்விடும் என்றார். "வேலையே வேண்டாம்னு சொல்லத்தான் எனக்கு ஆசை. சொன்னா கேக்கவா போறீங்க? உச்சி வெயில்ல ஏணி மட்டும் கூடவே கூடாது. நிழல்ல நில்லுங்க. தண்ணி பக்கத்துலயே இருக்கணும். மாசா மாசம் ரத்தம் பாக்கணும், எந்த ஊர்ல இருந்தாலும்."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது ஏணிக்காரர் எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

"நிழல், தண்ணி பக்கத்துல" என்றார். "கீழ் ஆள் வேலையைத்தான் சொல்றார்."

மறுநாள் அவரே மேஸ்திரியிடம் போனார். அவசரக்காரன் மேலே ஏறட்டும், நான் கீழே நிற்கிறேன் என்றார். மேஸ்திரி நம்பாமல் இன்னொரு தடவை கேட்டார். குடியிருப்பு ஒரு வாரத்துக்குச் சிரித்தது. ஏணி குட்டையாகிவிட்டதா என்றார்கள், உயரத்தைப் பார்த்தால் பயம் வந்துவிட்டதா என்றார்கள். அவர் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். ஏணியை அவசரக்காரனிடம் கொடுக்கும்போது மட்டும் மூன்றாவது காலின் ஆணியை ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டுக் கொடுத்தாராம். பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பழம் தீர்ந்தது. லாரி வந்தது. வடக்கே எந்தெந்தக் கிழமையில் எந்தத் தோப்புக்கு வேன் வரும் என்று அவள் விசாரித்து வைத்திருந்ததை ஒப்பிக்கச் சொன்னாள். அவர் ஒப்பித்தார். "கத்தாதே, உடம்புக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். ஜோடிகளுக்கு நடுவில் மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்து போனார். குடியிருப்பில் பாதி அறைகள் காலியாகிவிட்டன. மிச்சமிருந்த தோப்புகளுக்கும் வயல்களுக்கும் வேன் போய்க்கொண்டிருந்தது. அவள் திரும்பி வரும்போது அறை பூட்டியபடியே இருக்கும்.

சாயங்காலங்களில் போன் செய்வாள். நல்லா இருக்கீங்களா என்று அவள் கேட்பதில்லை.

"எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்க."

அவர் சொல்வார். முதல் சில நாள் நாலு வாக்கியத்தில் முடிந்தது. அப்புறம் அப்புறம் என்று அவள் கேட்கக் கேட்க நீண்டது. வடக்கே காற்று குளிர்ச்சியாக இருக்கிறது, இலை பெரிது, மண் சிவப்பு என்றெல்லாம் வர ஆரம்பித்தது. இத்தனை வருஷம் கூடவே நின்றபோது அவர் இவ்வளவு பேசியதில்லை. இனி ஏணி இல்லை, மேஸ்திரி பார்த்தால் என்ன என்று வேனில் ஏறி ரத்தம் பார்த்த செய்தியை ஒரு நாள் சொன்னார்.

"கூடவும் இல்ல, குறையவும் இல்லையாம். அப்படியே நிக்குதாம். அதுவே நல்லதுதானாம்."

"அப்புறம்?"

"அவசரக்காரன் இருக்கானே, தண்ணி வேணும்னு வாயைத் திறந்து கேக்கமாட்டான். நானே நீட்டினேன். வேலையைக் கெடுக்காதீங்கன்னு திட்டினான். நானும் விடல. இப்ப கீழ பாக்காமலே கையை நீட்டறான்."

அவள் சிரித்தாள். தகரக் கூரையில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்தபோது அவர் சொன்னார்.

"நீ சொல்லு."

"நான் என்ன சொல்றது. எப்பவும் போலதான்."

"எப்பவும் போலன்னா எப்படி, அதைச் சொல்லு. நான் நடுவுல பேசமாட்டேன்."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். எந்திரித்தது, பழைய சோற்றைச் சூடாக்கியது, வேன் டயர் பஞ்சரானது, ஓட்டுநர் அடித்த ஜோக். பயிற்சி முடிந்து சான்றிதழ் கொடுத்தார்கள், சுவரில் ஆணி அடிக்க ஆள் இல்லாமல் பெட்டிக்குள் வைத்துவிட்டேன் என்றாள்.

"அப்புறம்?"

"மத்தியானம் கடைசித் தோப்புல வேன் நின்னுச்சு. எல்லாரும் சாப்பிடப் போய்ட்டாங்க. ஒரு மரத்துல மட்டும் ஏணி நின்னுச்சு. மேல ஆளு. காலு மட்டும் தெரிஞ்சுது. கீழ யாரும் இல்ல. ஏணி லேசா ஆடற மாதிரி இருந்துச்சு. போய்ப் பிடிச்சுக்கிட்டேன். பிடிச்சுக்கிட்டே நின்னேன்."

"அப்புறம்?"

"அந்த ஆள் இறங்கி வந்தார். யாரோ. என்னம்மா வேணும்னு கேட்டார்."

அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு காலி அறையில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் காற்று அடிக்கிற சத்தம் கேட்டது, யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை. அவள் அழுது முடிக்கிறவரை காத்திருந்துவிட்டு, மெல்லக் கேட்டார்.

"அப்புறம்?"